எத்துப்பல் திருத்தத்தில் எலாஸ்டிக் வளையங்களை முறையாக அணிவது எப்படி?

பல்லுக்குக் கிளிப் போட்ட முதல் சில மாதங்களில் நோயாளியின் பங்கு சிறியது. மருத்துவர் கம்பியை மாற்றுகிறார், கோணலான பற்கள் வரிசைக்கு வருகின்றன, பல் துலக்குவதிலும் கடினமான உணவைத் தவிர்ப்பதிலும் கவனமாக இருந்தால் போதும். மேல் முன்பற்கள் வெகுவாக முன்தள்ளி நிற்பவர்களுக்கு, வரிசை சீரான பிறகு, சிறிய பொட்டலம் ஒன்று தரப்படும். அதற்குள் பொதுவாக நூறு ரப்பர் வளையங்கள் இருக்கும். அவற்றை நாள்தோறும் தாமே மாட்டி, கழற்றி, மாற்ற வேண்டும். அன்று முதல் சிகிச்சையின் வேகத்தைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் நோயாளியே. வளையம் வாயில் இருக்கும் நேரமே பல் நகரும் நேரம் என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால், பின்வரும் விதிகள் ஒவ்வொன்றும் எதற்காக என்பது விளங்கிவிடும்.

பல்லின்மேல் ஒட்டப்படும் சிறு பிடிப்பான பிராக்கெட்டுடன் கம்பியைக் கட்டிவைக்கும் வண்ண வண்ணமான குட்டி வளையங்கள் வேறு. அவற்றை மருத்துவர் மட்டுமே மாற்றுவார். இங்கே பேசப்படுவது மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையே குறுக்காக மாட்டப்படும் வளையங்களைப் பற்றி.

வளையம் என்ன செய்கிறது

மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை முன்னே நிற்பது இயல்பானது. கீழ்ப்பற்களை மேலிருந்து ஏறத்தாழ அதே அளவுக்கு மறைத்து நிற்பதும் இயல்பானதே. முன்னே தள்ளி நிற்கும் அளவு மிகுந்தால் அது எத்துப்பல். மறைக்கும் அளவு மிகுந்தால் அது ஆழ்கடி. பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எலாஸ்டிக் வளையம் முதன்மையாகச் சரிசெய்வது எத்துப்பல்லை. ஆழ்கடிக்கு, எதிர்வளைவு கொடுத்த கம்பி, மேல் முன்பற்களின் உட்புறத்தில் ஒட்டப்படும் சிறு மேடுகள் போன்ற வேறு வழிகளை மருத்துவர் கையாள்வார். வளையம் கீழ்க் கடைவாய்ப்பற்களைச் சற்றே மேலெழச் செய்வதால் ஆழ்கடியும் ஓரளவு குறையும். ஏற்கெனவே முகம் நீண்டு, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாத நிலையில் உள்ளவர்களுக்கு இதே விளைவு கேடாக முடியும். அதனால்தான் ஒரே மாதிரித் தெரியும் இருவருக்கு மருத்துவர் வெவ்வேறு முறையில் வளையம் மாட்டச் சொல்கிறார்.

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்த வகைப்பாட்டின்படி, கீழ் முதல் கடைவாய்ப்பல் மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்கு இருக்க வேண்டிய இடத்தைவிடப் பின்தங்கி நிற்பது இரண்டாம் வகை. எத்துப்பல் உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்த வகையில் அடங்குவர். இதைத் திருத்த மேல் கோரைப்பல்லின் கொக்கியிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லின் கொக்கிக்கு வளையம் மாட்டப்படுகிறது. சுருங்க முயலும் ரப்பர் மேல் வரிசையைப் பின்னோக்கியும் கீழ் வரிசையை முன்னோக்கியும் ஒரே நேரத்தில் இழுக்கிறது. இந்த இழுப்பு வேருக்கும் எலும்புக்கும் இடையேயுள்ள மெல்லிய நார்த்திசுவைச் சென்றடைகிறது. அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, இழுவிசை விழும் பக்கத்தில் புதிய எலும்பு படிகிறது, பல் அந்த வழியே நகர்கிறது. நன்றாக நகரும் பல்லே மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். உயிருள்ள எலும்பு மாறி அமையும் வேகம் அது. அதை விருப்பம்போல் முடுக்கிவிட முடியாது.

இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வளையம் நகர்த்துவது பெரும்பாலும் பற்களைத்தான், தாடையை அன்று. வளரும் வயதுப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையின் இயல்பான வளர்ச்சியும் கைகொடுப்பதால் மாற்றம் எடுப்பாகத் தெரியும். கீழ்த்தாடையே மிகச் சிறிதாக அமைந்த வளரும் பிள்ளைகளுக்கு கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் ட்வின் பிளாக் போன்ற கருவியை மருத்துவர் முதலில் பரிந்துரைக்கக்கூடும். வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்குத் தாடைகளின் வேறுபாடு பெரிதாக இருந்தால், மேல் முன்கடைவாய்ப்பற்களை எடுத்து இடம் உண்டாக்குவதோ தாடை அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். சில மில்லிமீட்டர் திருத்தத்தில் வளையத்துக்கு நிகரான எளிய வழி இல்லை. பெரிய தாடைக் குறையை ரப்பரின் தலையில் சுமத்துவது சரியன்று.

கிளிப் போட்ட நாளிலேயே வளையம் தராமல் ஏன் காக்க வைக்கிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். தொடக்கத்தில் போடப்படும் கம்பி மெல்லியது, எளிதில் வளைவது. அதன்மேல் வளையத்தை மாட்டினால் இழுபடும் பல் மட்டும் சாய்ந்து திரும்பிவிடும். தடித்த, செவ்வக வெட்டுடைய ஸ்டீல் கம்பி போட்ட பிறகுதான் வரிசை முழுவதும் ஒரே கட்டாக நகரும். ஆகவே, 'பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்றாம் மாதமே கொடுத்துவிட்டார்களே' என்று கவலைப்பட வேண்டியதில்லை.

பொட்டலத்தின் மேல் உள்ள எண்கள்

பொட்டலத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, இழுக்கப்படாத வளையத்தின் உள்விட்டம்: 1/8 அங்குலம் என்றால் 3.2 மில்லிமீட்டர், 3/16 என்றால் 4.8, 1/4 என்றால் 6.4, 5/16 என்றால் 7.9. இரண்டாவது, அதன் விசை. அதை அவுன்ஸில் குறிப்பார்கள், 3.5 அவுன்ஸ் ஏறத்தாழ 100 கிராம், 4.5 அவுன்ஸ் ஏறத்தாழ 128 கிராம், 6 அவுன்ஸ் ஏறத்தாழ 170 கிராம். வளையத்தை அதன் விட்டத்தைப் போல மூன்று மடங்கு இழுக்கும்போது கிடைக்கும் விசையே அங்கே அச்சிடப்பட்டிருப்பது. 1/4 அங்குல வளையம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுபட்டால்தான் பொட்டலத்தில் உள்ள விசையைத் தரும். அதைவிடச் சிறிய வளையத்தை அதே தூரத்துக்கு இழுத்தால் விசை கூடிவிடும். கொக்கிகளுக்கு இடையேயான தூரம் ஆளுக்கு ஆள் மாறுவதால் அளவும் மாறுகிறது. அடையாளத்துக்காகச் சில நிறுவனங்கள் உறையில் விலங்குப் படங்களை அச்சிடுகின்றன. பொட்டலம் தீர்ந்து கடையில் வாங்க நேர்ந்தால் படத்தை மட்டும் சொல்லி வாங்காமல், பழைய உறையை எடுத்துச் சென்று இரண்டு எண்களும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது.

பெரும்பாலான வளையங்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை பட்டாலோ உதட்டில் அரிப்பும் தோலில் தடிப்பும் வருபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்கென்று லேடெக்ஸ் எனப்படும் இயற்கை ரப்பர் இல்லாத வளையங்கள் கிடைக்கின்றன. அவை இழுவிசையைச் சற்று விரைவாக இழப்பதால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். எந்த வகையாயினும் வெயிலும் சூடும் ரப்பருக்குப் பகை. வண்டியின் பெட்டியிலோ சன்னலோரத்திலோ கிடந்த பொட்டலத்தின் வளையங்கள் மாட்டும்போதே அறுந்துபோவதைப் பார்க்கலாம்.

மாட்டும் முறை

முதல் நாள் மருத்துவமனையிலேயே, மருத்துவரோ உதவியாளரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீங்களே இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றிக் காட்டிவிட்டு வாருங்கள். எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்கு என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்தபின் எழும் குழப்பங்களில் பாதி அந்த ஒரு படத்தால் தீர்ந்துவிடும்.

கொக்கியை அடையாளம் காண நடுக்கோட்டிலிருந்து எண்ணுங்கள். மேலே நடுவிலிருந்து மூன்றாவதாக, கூர்மையாக இருப்பது கோரைப்பல். அதன் பிராக்கெட்டில் ஈறை நோக்கி நீண்டிருக்கும் சிறு கம்பி முனையே மேல் கொக்கி. கீழே நடுவிலிருந்து ஆறாவது பல் முதல் கடைவாய்ப்பல். அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள குழாயிலோ, பல்லைச் சுற்றியுள்ள உலோகப் பட்டையிலோ, ஈறுப் பக்கமாக வளைந்த கொக்கி இருக்கும். இடம் போதாமல் முன்கடைவாய்ப்பல் எடுக்கப்பட்டவர்களுக்கு இந்த எண்ணிக்கை ஒன்று குறையும். இரண்டாம் கடைவாய்ப்பல்லில் மாட்டச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. எண்ணிக்கை துணைக்குத்தான், மருத்துவர் காட்டிய கொக்கியே முடிவானது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். வாயை அகலத் திறக்கத்தான் தோன்றும். ஆனால் அப்போது கன்னம் இறுகி, பின்பக்கக் கொக்கியை விரல் எட்டாது. பாதி திறந்தால் போதும். வளையத்தை ஆள்காட்டி விரலின் நுனியிலோ, பொட்டலத்தோடு தரப்படும் சிறு பிளாஸ்டிக் கொக்கிக் குச்சியிலோ தொங்கவிட்டு, மற்றொரு கையால் உதட்டோரத்தை விலக்கி, முதலில் கீழ்க் கடைவாய்ப்பல்லின் கொக்கியில் மாட்டுங்கள். கொக்கியைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டாலும், விரல் நுனி அதன் முனையைத் தடவி உணர்ந்துகொள்ளும். மாட்டியதும் அந்த இடத்திலேயே ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வளையத்தின் மறுமுனையை மெதுவாக முன்னோக்கி இழுத்து மேல் கோரைப்பல்லின் கொக்கியில் போடுங்கள். முன்பக்கத்தில் தொடங்கிப் பின்பக்கத்தில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். புதிதாகப் பழகுபவருக்குக் கண்ணில் படாத கொக்கியை முதலில் முடித்துவிடுவதே எளிது என்பது என் கருத்து. மறுபக்கமும் அவ்வாறே. முதல் இரண்டு மூன்று நாள்கள் வளையம் கை நழுவித் தெறிக்கும், நேரமும் பிடிக்கும். ஒரு வாரத்தில் கண்ணாடி இல்லாமலே மாட்டப் பழகிவிடுவார்கள்.

மாட்டி முடித்தபின் பற்களைக் கடித்து, உதட்டை விலக்கிப் பாருங்கள். வளையம் மேலே முன்பக்கத்தில் தொடங்கிக் கீழே பின்பக்கத்தை நோக்கிச் சாய்வாக இறங்க வேண்டும். மேலே பின்பக்கத்திலிருந்து கீழே முன்பக்கத்துக்கு வந்தால் அது நேர் எதிரான அமைப்பு. கீழ்த்தாடை முன்தள்ளியவர்களுக்காக மாட்டப்படும் அந்த முறை எத்துப்பல்லை மேலும் முன்னே தள்ளும். சிறு பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுவதும் பெற்றோர் இந்தச் சாய்வை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கழற்றும்போது முன்பக்கக் கொக்கியிலிருந்து நகத்தாலோ குச்சியாலோ தளர்த்தி எடுங்கள்; வெடுக்கென்று இழுத்தால் உதட்டில் அடிக்கும், சில நேரம் பிராக்கெட்டும் பெயர்ந்துவரும்.

எத்தனை மணி நேரம், எப்போது மாற்றுவது

மருத்துவர் வேறாகச் சொல்லாதவரை, ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வளையம் வாயில் இருக்க வேண்டும். தூங்கும்போது கட்டாயம் இருக்க வேண்டும். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டுமே கழற்றலாம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் துலக்குவதற்கும் இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். தண்ணீரோ காப்பியோ குடிப்பதற்குக் கழற்ற வேண்டியதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மாட்ட மறப்பதே பெரும்பாலும் நேரும் குறை. பள்ளியில் மதியம் கழற்றிய வளையம் மாலை வீடு திரும்பும்வரை மாட்டப்படாமலே போய்விடுகிறது. பென்சில் பாக்ஸில் ஒரு சிறு டப்பாவும், அலுவலகப் பையில் ஒரு பொட்டலமும், தலையணை அருகே ஒன்றும் இருந்தால் இந்த மறதி வெகுவாகக் குறையும். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்திலேயே மாட்டிவிட வேண்டும். அறைக்குப் போய் மாட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த வேளை தவறிவிடும்.

பாதி நேரம் அணிந்தால் பாதிப் பலனாவது கிடைக்கும் என்று கணக்குப் போட முடியாது. இழுப்பு நின்றதும் பல் பழைய இடத்தை நோக்கித் திரும்ப முயல்கிறது. அடுத்த முறை மாட்டும்போது அதே தூரத்தை மீண்டும் கடக்க வேண்டியிருக்கிறது. வலியும் அப்படித்தான். தொடர்ந்து அணிபவருக்கு முதல் சில நாள்களோடு முடிந்துவிடும் வலி, விட்டுவிட்டு அணிபவருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. 'வலிக்கிறது, அதனால் போடவில்லை' என்ற பிள்ளைக்கு இந்த உண்மையைக் கண்டிப்போடு அல்லாமல் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

வளையம் அறுபடும்வரை அதையே போட்டிருப்பது இன்னொரு தவறான பழக்கம். வாயின் ஈரத்திலும் சூட்டிலும் ரப்பர் முதல் சில மணி நேரத்திலேயே தன் விசையில் குறிப்பிடத்தக்க பங்கை இழந்துவிடுகிறது. பார்ப்பதற்கு முழுதாக இருக்கும், வேலை மட்டும் செய்யாது. ஆகவே ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் புதியது, படுக்கும் முன் புதியது என்று வைத்துக்கொள்வது சிறந்தது. எப்படியாயினும் ஒரு நாளுக்கு மேல் ஒரே வளையம் கூடாது. கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் குப்பையில் போடுங்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் தளர்ந்ததுமாக இருந்தால் இழுப்பு சமமற்றதாகி, பல்வரிசையின் நடுக்கோடு ஒரு பக்கம் விலகக்கூடும்.

நேற்று போடாததற்கு ஈடாக இன்று இரண்டிரண்டாக மாட்டுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். விசை இரட்டிப்பானால் நகர்வு இரட்டிப்பாவதில்லை. அளவுக்கு மீறிய அழுத்தத்தில் நார்த்திசுவின் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, நகர்வு தேங்கிப்போகிறது. வேரின் நுனி கரைந்து குறுகும் அபாயமும் கூடுகிறது. குறுகிய வேர் மீண்டும் வளராது. தவறவிட்ட நாளை விட்டுவிட்டு, இன்று முதல் சரியாக அணிவது ஒன்றே வழி.

வலியும் சிறு விபத்துகளும்

தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாள்கள் கடைவாய்ப்பற்களும் முன்பற்களும் கடிக்கும்போது கூசும், தாடை களைப்பாக இருக்கும். இட்லி, குழைந்த பொங்கல், தயிர்ச்சாதம், ரசம் ஊற்றிப் பிசைந்த சோறு போன்றவற்றைச் சாப்பிட்டு இந்த நாள்களைக் கடந்துவிடலாம். வலி தாங்கவில்லை என்றால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் பல் நகர்வுக்குத் துணைபுரியும் வேதிப்பொருள்களையே குறைப்பவை என்பதால், அவற்றை நீண்ட நாள் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்கள் பலர். நகரும் பல் சற்றே ஆடுவது இயல்பு. ஆட்டம் மிகுதியாகத் தெரிந்தாலோ, ஒரு வாரத்துக்கு மேலும் வலி குறையாவிட்டாலோ, காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலி வந்தாலோ, கடிக்கும்போது முன்பற்களுக்கு இடையே புதிதாகத் திறப்பு உண்டானாலோ, அடுத்த முறை வரும் தேதிக்காகக் காத்திருக்காமல் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

கொட்டாவி விடும்போது வளையம் அறுந்து தெறிப்பது உண்டு. புதியதை மாட்டிக்கொண்டால் போதும். விழுங்கிவிட்டாலும் பொதுவாகத் தீங்கில்லை, மலத்தோடு வெளியேறிவிடும். விழுங்கியதாக நினைத்தபின் விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால், அது மூச்சுக்குழாயில் போயிருக்கக்கூடும் என்பதால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கொக்கி உடைந்தாலோ பிராக்கெட் பெயர்ந்தாலோ, அந்தப் பக்கத்து வளையத்தை நீங்களாகவே வேறு பல்லுக்கு மாற்றி மாட்டாதீர்கள். அது திட்டமிடாத திசையில் இழுக்கும். மருத்துவரிடம் கேட்கும்வரை இரு பக்கமும் கழற்றி வைத்திருப்பது பாதுகாப்பானது.

பிராக்கெட் இல்லாத பல்லைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு இடைவெளியை மூடலாம் என்று காணொளிகளில் காட்டுவார்கள். அதை யாரும் செய்து பார்க்கக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன். பல்லின் வேர் நுனியை நோக்கிக் குறுகிச் செல்வது. பிடிமானம் இல்லாத வளையம் அந்தச் சரிவில் நழுவி ஈறுக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் வேரைச் சுற்றி எலும்பை அழித்துக்கொண்டே மேலேறும். நோயற்ற முன்பற்களை இப்படி இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

துலக்கும்போது வளையத்தைக் கழற்றிவிட்டு, ஃபுளோரைடு பற்பசையால் கொக்கிகளின் அடிப்பக்கத்தையும் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடையேயுள்ள பகுதியையும் நிதானமாகத் துலக்குங்கள். அங்கே படியும் அழுக்கின் விளைவே கிளிப்பைக் கழற்றிய பின் வெள்ளைத் திட்டாகத் தெரிவது.

முன்னேற்றத்தை அறிவதும் நிறுத்துவதும்

நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவர் மேல், கீழ் முன்பற்களுக்கு இடையேயான இடைவெளியை அளந்து பார்ப்பார். வீட்டிலும் பார்க்கலாம், ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. வளையம் போட்டவர்கள் அறியாமலே கீழ்த்தாடையை முன்னே நீட்டிக் கடிக்கப் பழகிவிடுவதுண்டு. கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும், உண்மையில் பல் நகர்ந்திருக்காது. எச்சிலை விழுங்கி, தாடையைத் தளரவிட்டு, பின்பற்கள் இயல்பாகச் சேரும்படி கடித்த நிலையில்தான் பார்க்க வேண்டும். மருத்துவர் அளக்கும்போதும் அப்படியே கடித்துக் காட்ட வேண்டும். முன்னே நீட்டிக் காட்டினால் சிகிச்சை உரிய காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டு, எத்துப்பல் திரும்பிவிடும்.

பெரும்பாலோருக்கு இந்தக் கட்டம் சில மாதங்களில் முடிகிறது. கூடுதல் திருத்தம் தேவைப்படுபவர்களுக்கு ஓராண்டை நெருங்கலாம். அணிந்த நேரக் கணக்கில் நீங்கள் ஏமாற்றியிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முழு நேரம் அணிந்தும் பல் நகரவில்லை என்று அவர் எண்ணினால், விசையைக் கூட்டவோ திட்டத்தையே மாற்றவோ நேரிடும். தேவையில்லாமல் ஒரு பல்லை எடுக்கும் முடிவுக்குக்கூட அது இட்டுச் செல்லலாம். இடைவெளி சரியானதும் பெரும்பாலும் உடனே நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். புதிய எலும்பு உறுதிப்படும்வரை இரவில் மட்டும் போடச் சொல்லிப் படிப்படியாகக் குறைப்பார்கள். கிளிப் கழற்றியதும், பற்களைத் திருத்திய இடத்திலேயே நிறுத்திவைக்கும் ரீடெய்னர் தருவார்கள். வளையத்துக்குக் கடைப்பிடித்த அதே ஒழுங்கை அதற்கும் கடைப்பிடிக்க வேண்டும். முதல் சில மாதங்களில் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பும் போக்கு மிகுதி. மீதமுள்ள வளையப் பொட்டலங்களைக் கிளிப் போட்டிருக்கும் தம்பிக்கோ தோழிக்கோ கொடுக்காமல் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த அளவும் விசையும் உங்கள் வாய்க்கென்று கணக்கிட்டவை.